மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடம்: பல் கடி, தாடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டி, "இதை மட்டும் பாருங்க" என்பார்கள். நான் அந்தப் பல்லைப் பார்த்ததும், "வாயை மூடிக் கடிங்க, அப்படியே அரைச்சுக் காட்டுங்க" என்பேன். வலி ஒரு பல்லில் இருக்க, வாய் முழுக்க எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்காதவர் குறைவு. ஒரு பல்லுக்கு என்ன நேர்ந்தாலும் அது அதன் எதிர்ப்பல்லுக்கும், பக்கத்துப் பல்லுக்கும், தாடை மூட்டுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் பார்க்கிறேன். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"பல் கடி"ன்னா என்ன டாக்டரம்மா? கடிக்கிறதுல என்ன இருக்கு?

வாயை மூடி எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அப்படி உட்காரும் விதம்தான் பல் கடி.

கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பை விரலால் தடவினால் மேடும் குழியுமாக இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் உள்பக்க மேடு, கீழ்ப்பல்லின் நடுக்குழியில் விழும். கீழ்ப்பல்லின் வெளிப்பக்க மேடு, மேல்பல்லின் குழியில் ஏறும். உரலையும் உலக்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லும் ஒரே நேரத்தில் உரலாகவும் உலக்கையாகவும் இருக்கிறது. முன்பற்களின் வேலை வேறு. மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்குச் சற்று முன்னால் நின்று, அதை 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை மறைத்தபடி இறங்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல அவை ஒன்றை ஒன்று உரசிப் போவதால்தான் பனங்கிழங்கைக் கடித்து இழுக்க முடிகிறது.

எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் பல் கடியை மூன்று வகையாகப் பிரித்தார். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்தான் அவருடைய அடையாளக்கல். மேல்பல்லின் முன்பக்க வெளிமேடு, கீழ்ப்பல்லின் வெளிப்பக்கத்தில் உள்ள பள்ளத்துக்கு நேராக விழுந்தால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கி நின்றால் இரண்டாம் வகை, முந்தி நின்றால் மூன்றாம் வகை. நூற்றாண்டு கடந்தும் எங்கள் சீட்டுகளில் இந்தப் பிரிவைத்தான் எழுதுகிறோம்.

தாடை கதவுக் கீல் மாதிரிதானே?

பாதி சரி. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் காதுக்கு முன்னால் வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் கீல்போலச் சுழலும். இன்னும் அகலத் திறந்தால், விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னால் நகர்வது தெரியும். கீழ்த்தாடையின் தலை, மண்டையோட்டுக் குழியை விட்டு முன்னால் வழுக்குகிறது. சுழலவும் வழுக்கவும் செய்கிற மூட்டு அது. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல ஒரு தட்டு இருக்கிறது, எலும்பு நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும்.

இந்த மூட்டு வலதிலும் இடதிலும் உண்டு, ஆனால் தாடை ஒரே எலும்பு. ஒரு பக்கத்தை மட்டும் தனியாக அசைக்க உங்களால் முடியாது. அதனால்தான் வலது பல்லில் சொத்தை வந்து இடது பக்கமே பல மாதம் மென்றவருக்கு வலி எந்தப் பக்கத் தாடையிலும் வரலாம்.

மெல்லும்போது தாடை நேராக ஏறி இறங்குவதில்லை. கீழே இறங்கி, ஒரு பக்கம் ஒதுங்கி, சாய்வாக ஏறி, நடுவில் வந்து சேரும். கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சுற்று. பக்கவாட்டில் ஒதுங்கும்போது பலருக்குக் கோரைப்பல்தான் வழிகாட்டி. மேல் கோரைப்பல்லின் மேல் கீழ்க் கோரைப்பல் சறுக்க, கடைவாய்ப் பற்கள் விலகி நிற்கும், உரசித் தேயாது. நேராகக் கடிக்கும்போது பாரம் கடைவாய்ப் பற்களுக்குப் போய்விடும், முன்பற்கள் தப்பிக்கும். முன்னது பின்னதைக் காக்க, பின்னது முன்னதைக் காக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

கடைவாயில மட்டும் ஏன் அவ்வளவு பலம்?

கொட்டைப் பாக்கைப் பாக்குவெட்டியின் நுனியில் வைத்தால் நழுவும். ஆணியை ஒட்டி வைத்தால் வெட்டுப்படும். தாடையின் ஆணி காதுக்கு முன்னால் இருக்கிறது, கடைவாய் அதற்குப் பக்கம். கன்னத்தில் கைவைத்துப் பல்லை இறுகக் கடித்தால் ஒரு தசை புடைக்குமே, அதுவும் அங்கேயே இருக்கிறது. நல்ல பல் உள்ள ஒரு வாலிபர் கடைவாயில் 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்க முடியும். முன்பல்லில் அதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

சும்மா இருக்கும்போது பல்லு ரெண்டும் ஒட்டித்தானே இருக்கணும்?

ஒட்டக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பீர்களானால் இதை வையுங்கள். உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் பல் தொடும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தேறாது. மீதி நேரம் முழுக்கப் பல்லுக்கும் தசைக்கும் ஓய்வு.

தூண்டில் போட்டுக் காத்திருக்கும்போது, வலையில் சிக்கெடுக்கும்போது, கைபேசி பார்க்கும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது பல்லை இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கே தெரியாது. சாயங்காலம் கன்னமும் நெற்றிப்பொட்டும் கனப்பதாகச் சொல்வார்கள். அவர்களிடம் நான் சொல்வது: "ம்" என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடிப் பல் விலகி நிற்கும். அந்த நிலைதான் தாடையின் வீடு. வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படுகிறமாதிரி ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவைத்து, பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்குங்கள். காசு செலவில்லை, பலன் கண்கூடு.

நரம்பு எடுத்த பல்லுதானே, கேப் போட்டபிறகு கடிச்சா எப்படி வலிக்குது?

பல் எலும்பில் ஆணிபோல அறைந்து நிற்கவில்லை. நுண்ணிய நார்கள் அதை ஏணையில் போட்ட பிள்ளைபோலத் தாங்குகின்றன. அந்த நார்ப்படலத்தின் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். பல்லுக்குள் இருக்கும் நரம்பு வேறு, இந்த ஏணையில் இருக்கும் நரம்பு வேறு. ரூட் கேனாலில் நாங்கள் எடுப்பது உள்ளே இருப்பதை. சோற்றில் ஒரு மணல், குழம்பு மீனில் ஒரு முள் என்று கண்டுபிடித்துச் சொல்வது வெளியே ஏணையில் இருப்பது. அது அப்படியே உயிரோடு இருக்கிறது.

ஒரு தலைமுடியின் கனத்தைக்கூட அது உணர்ந்துவிடும். ஆகவே பல்லின்மேல் மூடிபோலப் புதிதாக ஒட்டிய கேப்போ, அடைத்த சிமெண்டோ நூலளவு உயர்ந்திருந்தால்கூட, மற்றப் பற்களுக்கு முன்னால் அந்த ஒரு பல் அடி வாங்கும். ஏணை வீங்கும், வலிக்கும். "போகப் போகச் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பி வாருங்கள். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாக மை பதியும் இடத்தை மட்டும் லேசாக ராவி எடுப்போம். மரத்துப்போகும் ஊசி போட்ட அன்று உங்களுக்கே சரியாகக் கடிக்கத் தெரியாது என்பதால் மறுநாள் வந்து பார்ப்பது நல்லது.

எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட் பல்லுக்கு இந்த ஏணை கிடையாது. அதிகப் பாரம் விழுந்தால் அது எச்சரிக்காது. அதனால் அதன் கடியைப் பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாச்சு. பின்னாடிதானே, யாருக்குத் தெரியப் போகுது?

என் அம்மாவுக்கு முப்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் படித்து முடித்து வந்து பார்த்தபோது, பின்னால் இருந்த பல் முன்னால் சாய்ந்து படுத்துக்கொண்டிருந்தது. மேலே எதிரில் இருந்த பல், தடுப்பார் இல்லாமல் கீழே இறங்கி, ஈற்றைத் தொட இரண்டு மில்லிமீட்டர்தான் பாக்கி. இடைவெளி இருந்தும் பல் கட்ட உயரம் இல்லை. இறங்கிய பல்லைச் சுற்றி வேர் தெரிந்தது, சாய்ந்த பல்லின் கீழ் உணவு அடைத்து அடைத்துச் சொத்தை. ஒரு பல் போன இடத்தில் மூன்று பல்லுக்கு வைத்தியம் செய்தேன்.

எல்லோருக்கும் இதே அளவில் நடக்காது, சிலருக்குப் பற்கள் அதிகம் நகராமலே இருந்துவிடும். யாருக்கு நகரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான், பிடுங்கிய காயம் ஆறிச் சில மாதத்துக்குள் பல் கட்டுவதைப் பற்றி முடிவு செய்யுங்கள் என்கிறேன். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் வாதாடுவதும் இதனால்தான்.

வாயைத் திறந்தா "டக்"குன்னு சத்தம் வருது. மூட்டு விலகிடுச்சா?

பெரும்பாலும் அந்த நடுமெத்தை சற்று முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் உட்காரும் சத்தம் அது. வலியில்லை, வாய் தாராளமாகத் திறக்கிறது என்றால் வைத்தியம் வேண்டாம். சத்தத்தை நிறுத்தவென்று பணம் செலவழிக்காதீர்கள். சத்தத்தோடு வலி, அல்லது வாய் பாதியில் சிக்கிக்கொள்வது என்றால் வாருங்கள். சில வாரம் மெதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், அகலக் கொட்டாவி விடாமல் தாடைக்கடியில் கையை முட்டுக்கொடுப்பது, பல்லை விலக்கி வைக்கும் பழக்கம். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே குறைந்துவிடுகிறது.

தலைவலி, காதடைப்பு எல்லாத்துக்கும் பல் கடிதான் காரணம், பல்லைத் தேய்ச்சு விட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

இந்தக் கருத்து பழையது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் இல்லாதவர்களுக்குத் தாடை மேலேறிக் காதை அழுத்துவதாக எழுதினார். அதைப் பின்பற்றிப் பல காலம் பல்லை ராவினார்கள். பிற்பாடு நடந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தைத் தாங்கவில்லை. தாடை மூட்டு வலிக்குப் பல் கடியின் பங்கு நாம் நினைத்ததைவிடச் சிறியது. உறக்கக் குறைவு, மனச்சுமை, இறுக்கும் பழக்கம், அடிபடுதல் எல்லாம் சேர்ந்தே வலியைக் கொண்டுவருகின்றன.

எனாமல் என்பது பல்லின் கடினமான மேல்பூச்சு, ராவினால் அது திரும்ப வளராது. புதிதாக வைத்த கேப்பை ராவுவது ஒன்று, நல்ல பல்லை ராவுவது வேறு. மூட்டு வலிக்காக நல்ல பற்களை யாராவது தேய்க்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

புள்ள ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்குது. வயித்துல பூச்சியா?

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், அது வேறு காரணங்களுக்காக அவசியம். பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. பால்பல் விழுந்து முளைக்கும் வயதில் பல பிள்ளைகள் கடிப்பார்கள், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடும் பிள்ளை என்றால் மூக்கையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் தூக்கத்தில் கடிப்பதால் பல் தட்டையாகத் தேயும், சில்லாகப் பெயரும். அளவெடுத்துச் செய்த கடினமான பல் உறை ஒன்றை இரவில் போட்டுக்கொள்ளலாம். கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது, பல்லைக் காக்கும். இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

வலை பொத்தும்போது நூலைப் பல்லாலதான் அறுக்கிறோம். அதுல என்ன வந்துடும்?

கரைவலைக்காரர்கள் முதல் விசைப்படகுக்காரர்கள் வரை பலருடைய முன்பல் ஓரத்தில் ஒரு சிறிய வெட்டுத் தடம் இருக்கும். பார்த்ததும் தொழில் தெரிந்துவிடும். நைலான் நூலைப் பல்லில் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்போது, பல் ஓரத்தின் ஒரே புள்ளியில் முழு அழுத்தமும் விழுகிறது. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி செருகிக்கொள்ளுங்கள் அண்ணே.

நண்டுக் காலை உடைப்பது, பனங்கற்கண்டைக் கடைவாயில் வைத்து நொறுக்குவது, சோடா மூடியைக் கடித்துத் திறப்பது எல்லாம் இதே வகைதான். கடிக்கும்போது வலிக்காமல், கடித்துவிட்டுப் பல்லை எடுக்கும்போது சுளீரென்றால், அந்தப் பல்லில் கீறல் விழுந்திருக்கலாம். சீக்கிரம் கேப் போட்டால் பிழைக்கும், கீறல் வேருக்கு இறங்கினால் பிழைக்காது.

கருவாட்டையும் சொல்லியாக வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், பல் எனாமலைவிடக் கடினமானது. வெறும் மணலில் உலர்த்திய கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிச் சமையுங்கள். பலகையிலோ வலையிலோ உலர்த்தியது இன்னும் நல்லது.

படகுல வழுக்கி விழுந்து மோவாயில அடி. எலும்பு உடைஞ்சிருக்குமா?

வீட்டிலேயே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "முன்னாடி சேர்ந்தமாதிரி பல் இப்ப சேருதா?" நேற்றுவரை சரியாகச் சேர்ந்த பல் இன்று சேரவில்லை, ஒரு பக்கம் முந்திக்கொண்டு இடிக்கிறது என்றால், வேறு காரணம் தெரியும்வரை அது எலும்பு முறிவுதான். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். மோவாயில் அடி விழுந்தால் முறிவு பல சமயம் காதுக்கு முன்னால், தாடைத் தலையில் இருக்கும். தையல் போட்ட மோவாயை மட்டும் பார்த்து அதை விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிப்போய் வாய் திறக்காமலும், தாடை வளராமலும் போகலாம்.

கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், பேசவும் முயலாதீர்கள். தாடைத் தலை முன்னால் தாண்டிப் போய் நிற்கிறது. பழகிய மருத்துவர் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி உட்கார வைப்பார். வீட்டில் யாரும் அடித்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

வாய் முன்னமாதிரி திறக்க மாட்டேங்குது. ஏன்?

உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். நுழைந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது. பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

ஞானப்பல் சுற்றி வீங்கினாலும் வாய் பூட்டும், அது சில நாள் சங்கதி. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து, காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கயிறுபோல விறைத்தால் காரணம் பாக்கு. குட்கா, பான்மசாலா விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்தது. ஆனாலும் படகடியில் பொட்டலம் கிடைக்கிறது. இந்த விறைப்பு புற்றுநோய்க்கு முந்தைய நிலை. இன்றைக்கே நிறுத்துங்கள், வந்து காட்டுங்கள்.

இன்னொன்று. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ துருப்பிடித்த தூண்டிலோ குத்திச் சில நாள் கழித்துத் தாடை விறைத்தால், பல் மருத்துவரிடம் வராதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெட்டனஸ் நோய் பல சமயம் தாடையில்தான் தொடங்கும்.

நடந்தா தாடை வலிக்குது, உட்கார்ந்தா போயிடுது. எந்தப் பல்லு?

பல்லாக இருக்காது. இதயத்திலிருந்து வரும் வலி தாடையில் தெரியலாம். இதயத்தைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பையனுக்கு எத்துப்பல். எப்ப கிளிப் போடுறது?

கிளிப் பெரும்பாலும் நிலைத்த பற்கள் முளைத்தபிறகு, பன்னிரண்டு வயதை ஒட்டி. ஆனால் ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கீழ் முன்பல் மேல்பல்லுக்கு வெளியே நின்றால் அதை அந்த வயதிலேயே திருத்துவது எளிது. நான்கு வயதுக்கு மேலும் விரல் சூப்பினால் முன்பற்கள் சேராமல் சன்னல்போலத் திறந்து நிற்கும். திட்டாமல் மெதுவாக நிறுத்துங்கள்.

ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும். அதைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். ஆங்கிள் அடையாளக்கல்லாக வைத்த அதே பல் அது. பால் கடைவாய்ப் பல்லும் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, அடியில் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். "விழுகிற பல்தானே" என்று முன்னமே பிடுங்கினால் இடம் போய்விடும்.

வாப்பாவுக்குப் பல் செட் வச்சும் மெல்ல முடியலைங்கிறாங்க?

முழுப் பல் செட்டின் கடிபலம் சொந்தப் பல்லில் கால்வாசிகூட வராது. ஈற்றின்மேல் உட்கார்ந்திருக்கிற பொருள், ஏணையும் இல்லை. முதல் சில வாரம் மென்மையான மீன், குழைந்த சோறு, சிறுசிறு வாய். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் எழும்பும், ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மெல்லச் சொல்லுங்கள். பல்லில் ஒட்டுகிற தொதல் இனிப்பை ஆறு மாதம் கழித்துச் சாப்பிடலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஒரே இடத்தில் புண் வந்தால் சகித்துக்கொண்டிருக்காமல் செட்டோடு வரட்டும், ஐந்து நிமிட வேலை.

வேலை மூணு நாலு தடவை வரணும்கிறீங்க. கடலுக்குப் போறவன் எப்படி வர்றது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். ரூட் கேனால், கேப், பல் கட்டுவது எல்லாம் மே மாதத்துக்குள் முடியும். பிறகு இரண்டு வாரம் அந்தப் பல்லில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜூன் முதல் வாரத்தில் ஒருமுறை வந்து நீலத் தாளைக் கடித்துக் காட்டுங்கள். நடுக்கடலில் கேப் இடித்து வலித்தால் அங்கே ராவ ஆள் கிடையாது.